காலையில் பலே பஞ்சார் சும்மாதானே இருக்கிறது: எங்கள் பாலி ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓம் சுவஸ்தியஸ்து.

பாக் கெலியான் அவர்களுக்கும், கோங் குழுவின் பெரியவர்களுக்கும், கோயில் காரியங்களுக்குக் கூடும் தாய்மார்களுக்கும், என் மகள் படிக்கும் பாலர் பள்ளியின் ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

இதன் சுருக்கத்தை இந்தோனேசிய மொழியில் எழுதி ஏற்கெனவே உங்களிடம் கொடுத்திருக்கிறேன். சுருக்கத்தில் அடங்காதது நிறைய இருந்தது. அதைத் தாய்மொழியில்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடியும். பாலியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களும் இதைப் படித்து என்னோடு சேர்ந்து கேட்கட்டும் என்பது இன்னொரு காரணம். அவர்களில் புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பஞ்சார் என்றால் பேட்டை அளவிலான ஊர்ச்சபை. கெலியான் அதன் தலைவர். பலே பஞ்சார் அந்தச் சபை கூடும் மண்டபம்; கமெலான் என்னும் வெண்கல இசைக் குழுவின் வாத்தியங்களை அங்கேதான் வைத்திருப்பார்கள்; அவற்றை வாசிப்பவர்கள் கோங் குழு.

மரபூர்களைப் பற்றி 2019இல் வந்த மாகாணத்தின் 4ஆம் எண் சட்டம், ஊரில் வாழ்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அதில் என் போன்றவர்களுக்குரிய பெயர் ‘தமியு’. விருந்தாளி என்று பொருள். விருந்தாளி வீட்டுக்காரருக்கு யோசனை சொல்வது முறையா என்று நெடுநாள் தயங்கினேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. என் மகள் பிறந்தபோது, நூற்றைந்து நாள் நிறையும்வரை அவள் கால் மண்ணில் படக் கூடாது என்று பக்கத்து வீட்டு டாடொங் (பாட்டி) ஒரே பிடியாக நின்றார். நானும் என் கணவரும் அவரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்தோம். அப்படித் தூக்கி வளர்த்து, நாள் பார்த்து உங்கள் மண்ணில் இறக்கிவிட்ட குழந்தை அவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் பள்ளியின் ஆண்டு நிறைவு விழா நடந்தது. ஐந்து வயதுக் குழந்தைகள் இருபது பேருக்கு மேல் ஆடினார்கள். ஒரே நடனத்தை ஆறு வாரம் ஒத்திகை பார்த்தவர்கள். விழா நாளில் இருட்டோடு எழுப்பி ஒப்பனைக்கு உட்கார வைத்தோம். வாடகை உடை பெரிய பிள்ளைகளின் அளவு. முதுகுப் பக்கம் ஊக்கு ஊக்காகக் குத்தி இழுத்துக் கட்டியிருந்தது. என் மகளின் தலையில் வைத்த பொன்நிற மகுடம் புருவம்வரை இறங்கி இறங்கி வந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் ஆடி முடித்தாள். பக்கத்தில் நின்ற பையன், மை கரைந்து கன்னத்தில் ஓட, மேடை நடுவில் நின்று அழுதான். ஒலிபெருக்கியில் ஓடிய பதிவு இசை அவனுக்காக நிற்கவில்லை.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் பகலில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர். நம் கோங் குழுவில் உகால் என்னும் முன்னணி வாத்தியம் வாசிப்பவர். இன்னொருவர் அதே குழுவில் கெண்டாங் என்னும் மத்தளம் அடிப்பவர். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த இசையை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்கள். இருவர் கையிலும் கைபேசி இருந்தது. தங்கள் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் விழாவில் பாரிஸ் என்னும் போர்வீரர் நடனம் ஆடும் பையன் தோளை உலுக்கிக் குறிப்புக் காட்டியதும் கெண்டாங் அடி சட்டென்று மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ‘அங்செல்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறீர்கள். ஆடுகிறவரைப் பார்த்து வாசிப்பது உங்கள் மரபு. அந்த மரபைக் கையில் வைத்திருக்கும் மனிதர் பத்தடி தூரத்தில் நிற்க, அழுகிற குழந்தையை யாரும் பார்க்காத இசைக்கு ஆட வைத்தோம். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஆசிரியைகளை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்துக்கு மீறி உழைக்கிறார்கள். பெற்றோர்களாகிய நாங்கள்தான் மேடையும் மகுடமும் கேட்டோம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாலர் பள்ளிக்குள் கலையை இழுத்து வருவதற்குப் பதிவு இசையும் வாடகை உடையும் தேட வேண்டாம். கலை இருக்கும் இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போவோம். பள்ளி வாசலிலிருந்து பலே பஞ்சாருக்கு இருநூறு அடி இருக்கலாம். வாரத்தில் ஒரு காலை, ஒரு மணி நேரம், அந்த மண்டபத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

இது எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டும். போன தும்பெக் குருலுத் அன்று வாத்தியங்களுக்குப் படையல் வைக்க எல்லோரும் பலே பஞ்சாருக்கு வந்திருந்தீர்கள். (எங்கள் ஊர் ஆயுத பூஜை போலத்தான், ஆனால் 210 நாளுக்கு ஒரு முறை வருவது, இசைக் கருவிகளுக்கென்றே உள்ள நாள்.) உறை நீக்கிய வாத்தியங்களைப் பார்த்ததும் என் மகள் ஒன்றைத் தாண்டி இன்னொன்றிடம் ஓடப் பார்த்தாள். அங்கிருந்த பெக்காக் (தாத்தா) ஒருவர் அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தி, வாத்தியத்தைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று கைகாட்டினார். புத்தகத்தைக் காலால் தாண்டியதற்காக என் பாட்டியிடம் வாங்கிய திட்டு எனக்கு நினைவு வந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் அவளை அங்க்லுங் வாத்தியத்தின் முன் உட்கார வைத்தார். நாலே நாலு வெண்கலத் தகடு. ‘பங்குல்’ என்னும் சிறு சுத்தியலை அவள் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துத் தட்ட வைத்தார். அவள் இன்னும் ஓங்கித் தட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் தகட்டின் விளிம்பைக் கிள்ளிப் பிடித்தார். ஒலி டக்கென்று நின்றது. அவளுக்கு ஒரே ஆச்சரியம். தட்டுவது பாதி, பிடிப்பது பாதி என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை. அரை மணி நேரம் அவள் தட்டிப் பிடித்து, தட்டிப் பிடித்து விளையாடினாள்.

பிறகு எதிரே இருந்த ஜோடி வாத்தியத்தில் அதே தகட்டை என்னைத் தட்டச் சொன்னார். இரண்டும் ஒன்றாக ஒலித்ததும் காற்றே நடுங்கியது போல் இருந்தது. ஜோடியில் ஒன்றைச் சற்றுத் தாழ்த்தியும் மற்றதைச் சற்று உயர்த்தியும் சுருதி சேர்த்திருப்பார்கள். தாழ்ந்தது பெங்கும்பாங், உயர்ந்தது பெங்கிசெப். இரண்டும் சேரும்போது வரும் நடுக்கத்துக்கு ‘ஓம்பாக்’ என்று பெயர். அலை என்று பொருள். பெக்காக் அவள் உள்ளங்கையை எடுத்துத் தகட்டின் கீழே உள்ள மூங்கில் குழாயில் வைத்தார். “அம்மா, உள்ளே ஏதோ இருக்கு” என்றாள். ஆறு வார ஒத்திகையில் அவள் ஒரு நாளும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்களுக்கு இது புதிதல்ல. 1930களில் சயானில் வீடு கட்டி வாழ்ந்த காலின் மெக்ஃபீ, கனடாவில் பிறந்த இசையமைப்பாளர், ஊர்ச் சிறுவர்களுக்கென்றே ஒரு அங்க்லுங் குழு அமையக் காரணமாக இருந்தார். 1960 வாக்கில் பெனெஸ்தானானில் வாத்து மேய்க்கும் பையன்களின் கையில் வண்ணமும் தூரிகையும் கொடுத்தவர், நெதர்லாந்தில் பிறந்த ஆரி ஸ்மித். என்ன வரைவது என்று அவர் சொல்லவில்லை; அந்தப் பையன்கள் தங்கள் வயலையும் கோயிலையும் வரைந்தார்கள், அதிலிருந்து ஒரு ஓவிய மரபே பிறந்தது. இரண்டு கதையிலும் வெளியூர்க்காரர் பெயரே முன்னால் நிற்பது எனக்கு உறுத்துகிறது. சயான் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பாலியின் கலைஞர்கள்தான். அந்த வரிசையில் மூன்றாவது வெளியூர்ப் பெயராக நான் நிற்க விரும்பவில்லை. ஆகவேதான் இதை நானே செய்யாமல் உங்களிடம் கேட்கிறேன். இது சபையின் காரியமாக நடக்க வேண்டும்.

ஐந்து வயதிலேயே லெகோங் நடனப் பயிற்சிக்கு உட்கார வைத்த மரபு நம்முடையதுதானே, ஆறு வார ஒத்திகை என்ன பெரிது என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சிறுமிகள் தேர்ந்தெடுத்த சிலர். அரண்மனையும் ஊரும் தாங்கிப் பிடித்த பயிற்சி அது. பயிற்சி முறையையும் பாருங்கள்: ஆசிரியர் பின்னால் நின்று, குழந்தையின் இரு மணிக்கட்டையும் பிடித்து, தன் உடம்பாலேயே அவள் உடம்பை ‘அகெம்’ என்னும் அடிப்படை நடன நிலைக்குக் கொண்டுவருவார். முழங்கை எவ்வளவு உயர வேண்டும் என்பது சொல்லாக இல்லாமல் தொடுகையாகப் போய்ச் சேரும். ஒரே ஆசிரியை இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணுவது அந்த மரபு ஆகாது. அந்த மரபு வேண்டுமென்றால் இருபது பிள்ளைக்கு ஏழெட்டுப் பெரியவர்களாவது வேண்டும். அதற்குத்தான் ஊர் வேண்டும் என்கிறேன்.

டென்பசாரில் 1979இலிருந்து நடக்கும் பாலி கலை விழாவில் சிறுவர்களின் கோங் கெப்யார் என்னும் கமெலான் இசைக்குக் கூடும் கூட்டம் எனக்குத் தெரியும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மின்னலடிக்கிற வேகத்தில் வாசிக்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியும். பெங்கோசெகானில் 1997இல் தொடங்கிய சுடமானி கமெலான் குழு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் போய்ச் சேர்வதற்கு முந்தைய வயது ஒன்று இருக்கிறது. மூன்றிலிருந்து ஆறு. அந்த வயதில் குழந்தைக்குத் திறமையைக் கொடுக்க வேண்டியதில்லை. பழக்கத்தைக் கொடுத்தால் போதும்: இந்த ஒலி என் வீட்டு ஒலி, இந்த மனிதர்கள் என் மனிதர்கள் என்கிற பழக்கம். முன்பு அது தானாகவே வந்தது. ஓடாலான் என்னும் கோயில் விழா இரவில் தாயின் மடியில் படுத்து, வாயாங் நிழற்கூத்துத் திரையைப் பாதி பார்த்துப் பாதி தூங்கிய குழந்தைகள்தான் இன்றைய உங்கள் கலைஞர்கள். இன்றைக்கு அப்பா ஓட்டலில் இரவு முறை, அம்மா ஸ்பாவில் மாலை முறை. குழந்தை வீட்டில் கைபேசியோடு இருக்கிறது. மடி தானாகக் கிடைக்காத காலத்தில் பள்ளி நேரத்துக்குள் அந்த மடியை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

எப்படி நடத்துவது என்பதற்கும் மாதிரி உங்களிடமே இருக்கிறது. கலுங்கான், குனிங்கான் பண்டிகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் நம் தெருவில் வரும் ‘ஙெலவாங்’ பிள்ளைகளைப் பாருங்கள். பன்றி முகப் பாரோங் என்னும் காவல் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். முன்னே ஒருவன், பின்னே ஒருவன். நடுவில் சாக்குத் துணி. தாளத்துக்குச் சின்னக் கோங்கும் கையில் அகப்பட்டதும். பெரிய பையன் பாரோங்குக்குள் இருப்பான். அவன் தம்பி ஜால்ரா தட்டுவான். அதற்கும் சின்னவன் காசு வாங்கும் பெட்டியைச் சுமப்பான். நாலு வயதுக்காரன் சும்மா கூட ஓடுவான். அவனை யாரும் போ என்று சொல்வதில்லை. அடுத்த ஆண்டு அவன் கையில் பெட்டி வரும். பாடத்திட்டம், தேர்வு, பரிசு ஒன்றும் இல்லாமல் ஒரு கலை மூத்தவனிடமிருந்து இளையவனுக்குப் போகிறது. பலே பஞ்சாரில் நான் கேட்கும் அந்த ஒரு மணி நேரமும் இப்படித்தான் இருக்க வேண்டும். சில பிள்ளைகள் வாசிக்கட்டும். சிலர் வாசிப்பவர் முதுகில் சாய்ந்திருக்கட்டும். ஒன்றிரண்டு பேர் வெளியே ஓணான் பிடிக்கட்டும். அதுவும் சேர்த்திதான்.

தாய்மார்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பௌர்ணமிக்கு முந்தின நாள் நீங்கள் இளங்குருத்தோலையோடு உட்காரும்போது குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார விடுங்கள். கத்தியை அவர்களிடம் கொடுக்க வேண்டாம். பூவைப் பிரிக்கக் கொடுங்கள்: வெள்ளை கிழக்கே, சிவப்பு தெற்கே, மஞ்சள் மேற்கே, நீலமோ பச்சையோ வடக்கே. நிறம், திசை, எண் எல்லாம் ஒரு சானாங் படையல் தட்டிலேயே இருக்கின்றன. எந்த அச்சடித்த பயிற்சித் தாளும் இதற்கு ஈடாகாது. நடுவே வைக்கும் ‘போரோசான்’ மடிப்பில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்று நீங்கள் எடுத்து வைத்ததை முதல் முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எங்கள் வீட்டுத் தாம்பூலத் தட்டு கடல் தாண்டி இங்கே உட்கார்ந்திருந்தது. குருத்தோலையைக் கத்தரித்து நெல்லம்மை தேவி ஸ்ரீயின் ‘சிலி’ உருவம் செய்வீர்களே, விசிறி போல் தலையலங்காரத்தோடு, அதை ஒரு முறை குழந்தைகள் முன்னால் செய்யுங்கள். வெறும் இலை பெண்ணாகிற அந்த நொடியை அவர்கள் பார்க்க வேண்டும். ஓலையைத் தைக்க இப்போது ஸ்டேப்ளர் வந்துவிட்டது, அவசரத்துக்கு நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தைகளோடு செய்யும் நாளில் மட்டும் மூங்கில் ஈர்க்கே இருக்கட்டும்.

உங்களுக்கு வரக்கூடிய கவலைகள் எனக்கும் உண்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது முதல் கவலை. கோயிலுக்குரியது, கோயிலைச் சார்ந்தது, பார்த்து மகிழ்வது என்று 1971இலேயே நடனங்களை வகுத்து வைத்தவர்கள் நீங்கள்; புனித நடனங்களைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்று 2019இல் மாகாணமே கூடி முடிவெடுத்தது. அந்த எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று பெமாங்கு (கோயில் பூசாரி) சொல்லட்டும், அதற்குள் நடப்போம். ரெஜாங் என்னும் கோயில் நடனம் ஆடுவதென்றால் கோயில் முற்றத்தில் ஆடட்டும், பள்ளி மேடைக்கு வேண்டாம்.

வகுப்பில் வேறு மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படையல் வேலையில் அவர்கள் வீட்டாருக்குத் தயக்கம் இருந்தால் வற்புறுத்தக் கூடாது. அன்றைக்கு அவர்கள் மூங்கிலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ளட்டும், ‘மெயோங்-மெயோங்’ விளையாடட்டும். வட்டம் கட்டிக் கைகோத்து எலியைக் காப்பாற்றுகிற விளையாட்டுக்கு எந்த வீட்டிலும் தடை இருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாமல் தொடக்கப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று பயப்படும் பெற்றோர்களுக்கு: முதல் வகுப்பில் சேர்க்க எழுத்து, வாசிப்பு, கணக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று கல்வி அமைச்சகம் 2023லேயே சொல்லிவிட்டது. வாரத்தில் ஒரு மணி நேரம் போவதால் எதுவும் குறையாது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ‘ஙயா’ என்று நீங்கள் சொல்லும் கூலி வாங்காத ஊர்ப்பணியை நான் மிகவும் மதிக்கிறேன். ஙகரத்தில் தொடங்கும் சொல் எங்கள் மொழியில் தேடினாலும் கிடைப்பது அரிது. உங்கள் வாயில் அது நாள்தோறும் புழங்குகிறது. ஆனாலும் காலை நேரம் என்பது கூலி வேலைக்காரரின் சோற்று நேரம். தச்சு வேலைக்குப் போகும் கெண்டாங்காரர் ஒரு காலை நம் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அவர் வீட்டில் அன்றைக்குப் பணம் குறையும். ஊர்ப்பணி என்ற பெயரில் அதை நாம் சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது. விழாவுக்கு உடை வாடகையும் ஒப்பனைச் செலவுமாக ஒவ்வொரு வீடும் கொடுத்த பணம் இருக்கிறதே, அடுத்த ஆண்டு அதை அப்படியே இதற்குத் திருப்பிவிடலாம். பெற்றோர் பலரிடம் பேசிவிட்டேன். ஒப்புக்கொள்கிறார்கள். வேலை ஓய்ந்த பெக்காக்குகளும் டாடொங்குகளும் பணம் வேண்டாம் என்றால் காப்பியும் ஜாஜா பலகாரமும் நாங்கள் கொண்டுவருவோம்.

ஆண்டு நிறைவு விழாவை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் அது வேண்டும். அதை பலே பஞ்சாரிலேயே வைப்போம். வியாழக்கிழமைகளில் எப்படியும் கமென் வேட்டியும் உடெங் தலைப்பாகையும் கட்டித்தானே பள்ளிக்கு வருகிறார்கள், அந்த உடையே போதும். கெண்டாங்காரர் கெண்டாங் அடிக்கட்டும். ஒரு குழந்தை நின்று அழுதால் அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதைப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், பாக் கெலியான். தமியு ஆகிய நான் உள்ளே வருவது வழக்கமில்லை என்றால் படியில் காத்திருக்கிறேன். சரி என்று முடிவானால் வாத்திய அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தரையைப் பெருக்கிப் பாய் விரிக்க ஏழு மணிக்கே மூன்று தாய்மார் வந்துவிடுவோம். பெக்காக்கிடம் கேட்டாயிற்று. பெரியவர்களின் பங்குல் பிள்ளைகள் கைக்குக் கனம் என்று சொல்லி, பலா மரத் துண்டில் சின்னதாக நாலு செதுக்கிக் கொடுத்திருக்கிறார். பிடியில் உப்புத்தாள் போட்டு இழைக்கும் வேலை மட்டும் பாக்கி. என் மகள் அதில் இரண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

உங்கள் பஞ்சாரில் வாழும் ஒரு தமிழ்த் தாய்
கியான்யார், பாலி